வீட்டுக் குட்டையில் மீன் விடாதீர்கள்

புதிதாக வீடு கட்டியிருக்கும் நண்பர் ஒருவர், என் தோட்டத்தில் இருப்பதைப் போல ஒரு குட்டை தானும் வெட்டலாமா என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் விட்ட மீனை ஒழிக்க, நான் என் குட்டையை முழுக்க இறைத்து, அடிமண் வெடிக்கும்வரை காயப்போட்டு, மறுபடி நிரப்பிய வாரத்தில் அவர் கேட்டார். அந்தக் காரம் இதில் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டடிக்கு ஆறடி, நடுவில் இரண்டடி ஆழம், பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற 500 மைக்ரான் தடிமனுள்ள கறுப்பு பிளாஸ்டிக் ஷீட். ஒரு பக்கம் சரிவாக விட்டிருக்கிறேன், விழுந்த அணில் ஏறி வர வேண்டுமே. ஷீட்டின் விளிம்பில் வெயில் படாமல் கல்லும் மண்ணும் போட்டு மூடினால் நன்றாக உழைக்கிறது. அந்த மண் தோட்டத்து மண்ணைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். தொட்டால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். ஷீட் கிழிந்துவிட்டது என்று பலர் புலம்புவது இதனால்தான்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. சமாளிக்க முடியாதது, குட்டையைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி: "மீன் விடலையா?"

நான் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கம்பூசியா என்ற, கொசுப்புழு தின்னும் சின்ன மீனைக் கொண்டுவந்து விட்டுவிட்டார். "கொசு வந்துருமுங்க, அதான்" என்றார். நல்ல மனிதர். கோவையில் மழை முடிந்தால் டெங்கு பயம் எல்லா வீட்டிலும் உண்டு, அவர் வீட்டில் சின்னக் குழந்தையும் இருக்கிறது. இந்த மீனை 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததே கொசுவுக்காகத்தான். பாழுங்கிணற்றிலும் மூடாத தொட்டியிலும் விட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கம்பூசியா கொசுப்புழுவோடு நிறுத்திக்கொள்வதில்லை. தவளை முட்டையைத் தின்னும், தலைப்பிரட்டையின் வாலைக் கடித்துக் குதறும், தட்டானின் குஞ்சுகளையும் விடாது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. முட்டையிடாமல் குட்டி போடுகிற மீன் வேறு. சினையான ஒன்று தப்பினாலும் கூட்டம் மறுபடி வந்துவிடும். வலை போட்டுப் பிடித்துப் பார்த்தேன், தீரவில்லை. அதனால்தான் முழுக்க இறைக்க வேண்டியதாயிற்று. பிடித்த மீன்களை ஏரியில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள் சிலர். அதைவிடக் கெடுதல் வேறில்லை.

இத்தனைக்கும், மீன் இல்லாத குட்டையில் கொசு பெரிய தொல்லையாக இருந்ததே இல்லை. புதிதாக நிரப்பிய சில வாரங்கள் வரும், உண்மைதான். அதற்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து போதும், தவளையை ஒன்றும் செய்யாது. அப்புறம் தட்டான்கள் முட்டையிட வந்துவிடும். தட்டான் குஞ்சு தண்ணீருக்குள்தான் வளர்கிறது. கீழ்த்தாடையைச் சட்டென்று முன்னால் நீட்டிக் கொசுப்புழுவைப் பிடித்துவிடும். பூ ஜாடியும் மூடாத டிரம்மும்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் இடம், அவற்றில் இப்படி வேட்டையாட யாரும் இல்லை.

மழைக்காலத்தில் கூட்டமாகப் பறக்குமே, அந்த மஞ்சள் தட்டான், அது என் குட்டையிலும் முட்டையிடுகிறது. அந்த இனம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது என்று 2009-ல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் எழுதினார். அதைப் படித்த பிறகு, தட்டான் உரித்துவிட்டுப் போய், கோரைத் தண்டில் ஒட்டியிருக்கும் காலி தோல்கூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அதைவிடப் பெரிய சந்தோஷம் மரத்தவளை. குட்டை மேல் சாய்ந்த இலையில் சோப்பு நுரை போல ஒரு கூடு கட்டும், முட்டைகள் அதற்குள் இருக்கும். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டும். என் வீட்டிலேயே இது நடக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கம்பூசியா இருந்த பருவத்திலும் தவளை வந்து கூடு கட்டியது. குஞ்சுகள் சொட்டச் சொட்ட மீன்கள் கீழே வந்து கூடின. அதைப் பார்த்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

நண்பரே, தோட்டத்தில் நான் செய்ததிலேயே நல்ல காரியம் இந்தக் குட்டைதான். செலவுக்கு மேல் பத்து மடங்கு தந்திருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் வீட்டுக்கு இன்னும் காம்பவுண்டுச் சுவர் இல்லை, வருகிறவர் போகிறவர் அதிகம். முதலில் சுவரை எழுப்பி கேட்டுக்குப் பூட்டுப் போடுங்கள். வீட்டில் எல்லோரிடமும் மீன் கூடாது என்று சொல்லி வையுங்கள். ஷீட் வாங்குவதை அப்புறம் பேசலாம்.