ஈவி ஸ்கூட்டர்ல பிஎம்எஸ் (செல்லுங்கள கண்காணிச்சு, ஆபத்துன்னா கரண்ட கட் பண்ற பேட்டரி போர்டு) மாத்தப் போறவங்க ஒரு நிமிஷம் படிங்க, 14,500 ரூபா போச்சு

செம கடுப்புல டைப் பண்றேன், பிழை இருந்தா விட்டுருங்க. கடை பேரு போடல. பேட்டரி ரீபேக், பிஎம்எஸ் சர்வீஸ்னு ஃபிளெக்ஸ் கட்டி வச்சிருக்கற ரகம், உங்க ஏரியாவுலயும் ஒண்ணு இருக்கும்.

வண்டி மேடு ஏறும்போது பொசுக்குனு ஆஃப் ஆகும், சாவிய திருப்பிப் போட்டா மறுபடி ஓடும். 20 செல் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி பேக். கடைக்காரர் பிரிச்சுப் பாத்துட்டு "பிஎம்எஸ் போயிருச்சு சார், புளூடூத் வச்ச ஸ்மார்ட் பிஎம்எஸ் போட்டுரலாம், ஒரு வருஷம் வாரண்டி"ன்னாரு. 14,500. மாட்டி முடிச்சதும் என் போன்லயே ஆப் ஏத்தி காட்டுனாரு, 20 செல்லும் வரிசையா 3.30, 3.31, 3.30 வோல்ட். "பாருங்க சார், ஒண்ணு கூட பிசகல." நம்பர கண்ணால பாத்ததும் மனசு குளுந்து அங்கயே ஜிபே பண்ணிட்டு வந்தேன்.

எல்எஃப்பி செல் பாதி சார்ஜ்ல இருந்தா நல்லதும் கெட்டதும் 3.3 பக்கம்தான் காட்டுமாம். எது வீக்குன்னு ஃபுல் ஆகறப்பயும் காலியாகறப்பயும்தான் தெரியும். இந்தத் தொழில்ல இருக்கறவருக்கு இது தெரியாதா?

அதுக்கப்புறம் வண்டி ஆஃப்பே ஆகல. எப்படி ஆகும்! ரேஞ்ச் படுத்துருச்சேன்னு வேற மெக்கானிக்கிட்ட காட்டுனா, பேக்கோட மைனஸ்ல இருந்து தடியா ஒரு கருப்பு வயர் நேரா மோட்டார ஓட்டற கன்ட்ரோலருக்குப் போகுது, பிஎம்எஸ்ஸ தொடவே இல்ல. ஓட்டறப்ப ஆப்ல கரண்ட் 0 ஆம்ப்னே நின்னதும் இதனாலதான், போர்டு சும்மா வோல்டேஜ் மட்டும் படிச்சிட்டு இருந்திருக்கு. கட் பண்ண ஆளில்லாம ஒரு செல் 2 வோல்ட்டுக்கும் கீழ இறங்கி, அதுமேலயே சார்ஜ் ஏத்தி ஏத்தி, இப்ப வயிறு உப்பிக் கெடக்கு.

போன் போட்டா "தண்ணி பட்டிருக்கும் சார்". எங்க பட்டுச்சுன்னு கேட்டா "ஓனர் வெளியூர்ல இருக்காரு". நேர்ல போனா "வாரண்டி போர்டுக்குத்தான், செல்லுக்கு இல்ல". போர்டுக்குத்தான் நீங்க கனெக்ஷனே குடுக்கலையேய்யாங்கறேன், "அப்ப போர்டு நல்லாத்தான சார் இருக்கு"ங்கறான்! 14,500 ரூபா வாங்கிட்டு.

விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல. ஃபுல் சார்ஜ் பண்ணி, அப்ப செல் வோல்டேஜ் பாத்துட்டு காசு குடுங்க. ஓட்டிப் பாக்கறப்ப ஆப்ல ஆம்ப் ஏறலன்னா அங்கயே பிரிக்கச் சொல்லுங்க. உப்புன பேக்க சார்ஜ்ல போடாதீங்க, வீட்டுக்குள்ளயும் வைக்காதீங்க. கழட்டுன பழைய போர்டக் கேட்டு வாங்கிக்கங்க, நான் கேட்டதுக்கு "ஸ்கிராப்புக்குப் போயிருச்சு"ன்னுட்டான்.