ஈரத்தில் நின்ற காரின் பிரேக்: பழங்காநத்தம் பட்டறையில் பார்த்த வேலை

மழைக்காலத்திலோ மலைக்குப் போய் வந்த பிறகோ கார் பிரேக்கின் பிடிப்புக் குறைந்துவிட்டதாக உணரும் மதுரைக்காரர்கள், பழங்காநத்தத்தில் பிரேக் வேலை மட்டுமே பார்க்கும் அந்தச் சிறிய பட்டறைக்கு முதலில் போக வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். தகரக் கொட்டகை, இரண்டு வண்டி நிற்கும் அளவுக்கு இடம், ஒரு பெரியவர், அவருக்குக் கீழே இரண்டு பையன்கள்; அவ்வளவுதான் அந்த இடம். ஆனால் எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்வதற்கு முன்னால் குறை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதை வண்டிக்காரர் கண்ணால் பார்க்கும்படி காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு வேலையில் இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

என்னுடையது முன் சக்கரங்களில் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) பின் சக்கரங்களில் டிரம்மும் (சக்கரத்தோடு சுழலும் உருளை வடிவ உறை) உள்ள பழைய பெட்ரோல் கார். மார்கழியில் கொடைக்கானலில் உறவினர் வீட்டு வாசலில், மூடுபனியிலும் தூறலிலும் சில நாட்கள் நகராமல் நின்றது. திரும்பும் நாள் காலையில் வண்டியை எடுத்து முதல் சரிவில் பெடலை மிதித்தபோது முன்பக்கம் கரகரவென்று சத்தம் கேட்டது. வழக்கமான அழுத்தத்துக்கு வழக்கம்போல வேகம் குறையவில்லை. நாலைந்து முறை மிதித்த பிறகு ஓரளவு தேறியது என்றாலும் பழைய பிடிப்பு வரவில்லை. வத்தலக்குண்டு வரையிலான மலைப்பாதை முழுவதையும் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலுமே இறக்கினேன். மதுரைக்கு வந்த பிறகும், இரவு மழை பெய்தால் மறுநாள் காலையில் அதே தொல்லை இருந்தது.

நகரில் உள்ள பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் இதைச் சொன்னபோது, வண்டியை ஜாக்கியில்கூட ஏற்றிப் பார்க்காமல், நாம் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரையும், அந்தப் பலத்தைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற வேண்டும் என்று 18,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்பதுதான் பதில். பணத்தைவிட அந்தப் பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இரண்டு பாகங்களையும் மாற்றியிருந்தாலும் என் வண்டியின் குறை அப்படியேதான் இருந்திருக்கும் என்பது பிறகு தெரிந்தது.

பழங்காநத்தத்துப் பெரியவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி இது: "பெடல் இறுகிக்கிட்டு நின்னுச்சா, இல்ல அமுங்கிக்கிட்டே போச்சா தம்பி?" பிரேக் சரியில்லை என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. பெடல் மிதிக்கவே முடியாதபடி கடினமாக இருந்தால் பூஸ்டரையோ அதற்கு வெற்றிடத்தைத் தரும் வேக்கம் ஹோஸையோ சந்தேகிக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். தரை வரை இறங்கினால் ஆயில் கசிவையும் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். பெடல் சரியான உயரத்தில் உறுதியாக நின்றும் வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால், குறை பெரும்பாலும் சக்கரத்தில், பேடும் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) டிஸ்க்கும் உரசும் இடத்தில்தான் இருக்கும். என் வண்டி இந்தக் கடைசி வகை. பிரேக் போடும்போது ஸ்டியரிங் வலப்பக்கம் லேசாக இழுப்பதையும் சொன்னேன். பிடிப்புக் குறைந்த சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம்தான் வண்டி இழுக்கும் என்பதால், அதைக் கேட்டவுடன் அவர் இடது முன் சக்கரத்தின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

இருந்தாலும் பூஸ்டரைச் சோதிக்காமல் விடவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்கச் சொன்னார். பிறகு காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பெடல் காலுக்கடியில் சற்று இறங்கியது. அப்படி இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். எவரும் தம் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கக்கூடிய இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. 18,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதியவர்கள் இதைச் செய்யவில்லை. மலையில் பெடல் கொஞ்சம் கனமாகத் தெரிவதற்குப் பூஸ்டர் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளே இருக்கும் வேக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டுதான் பூஸ்டர் நம் காலுக்கு உதவுகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே பூஸ்டர் தரக்கூடிய அதிகபட்ச உதவியும் அந்த அளவுக்குக் குறைகிறது. கீழே இறங்கினால் அது தானாகச் சரியாகிவிடும். என் வண்டியில் சரியாகவில்லை என்பதே குறை வேறிடத்தில் இருப்பதற்குச் சாட்சி.

சக்கரத்தைக் கழற்றியதும் அந்த இடம் தெரிந்தது. வலது டிஸ்க் இரண்டு முகத்திலும் பளபளவென்று இருந்தது. இடது டிஸ்க்கின் உள்முகம் மட்டும் பளபளத்தது. வெளிமுகத்தில் விரல் அகலத்துக்குப் பழுப்பு நிறத் துரு வளையம் படிந்திருந்தது. இரவு ஈரத்தில் நின்ற எந்த வண்டியின் டிஸ்க்கிலும் மெல்லிய துரு பூக்கத்தான் செய்யும். வார்ப்பிரும்புக்கு அது இயல்பு. முதல் சில மிதிப்புகளில் பேடே அதைச் சுரண்டி எடுத்துவிடும், அதோடு கரகரப்பும் நின்றுவிடும். அதற்காக யாரும் பட்டறைக்கு ஓட வேண்டாம். என் வண்டியில் துரு போகாததற்குக் காரணம், வெளிப்புறப் பேட் டிஸ்க்கைச் சரியாகத் தொடவே இல்லை என்பதுதான். இந்த வகைக் காலிப்பரில் (பேடுகளைத் தாங்கி அழுத்தும் கவ்வி) பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருக்கும். அது உள்பேடை அழுத்தும்போது காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்து வந்து அழுத்த வேண்டும். இடது காலிப்பரில் ஒரு பின்னை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் உள்ளே போய், அந்தப் பின் துருவேறி இறுகிக் கிடந்தது. அதை உருவி எடுக்கவே பையன் வெகுநேரம் திருகித் திருகிப் போராட வேண்டியிருந்தது. உள்பேட் தேய்ந்து மெலிந்திருக்க, வெளிப்பேட் ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. அந்தச் சக்கரம் பாதிப் பலத்தில்தான் இத்தனை காலம் நின்றிருக்கிறது. ஈரத்தில் நின்ற நாட்கள் அதை இன்னும் மோசமாக்கின.

இரண்டு பின்களையும் உப்புத்தாளால் தேய்த்து, புது உறை போட்டு, அவற்றுக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸைப் பூசினார்கள். சாதாரண கிரீஸைத் தடவி அனுப்பும் பட்டறைகள் ஏராளம். கனிம எண்ணெய் கலந்த கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் உப்பிவிடும், சில மாதங்களில் அந்தப் பின் மறுபடியும் சிக்கிக்கொள்ளும். இடப்பக்கம் மட்டும் பேட் மாற்றினால் போதாதா என்று கேட்டதற்கு, ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினால்தான் வண்டி நேராக நிற்கும் என்றார். அது சரியான பேச்சு. டிஸ்க்கின் தடிமனை வெர்னியரால் அளந்து, அதன் ஓரத்தில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுக் காட்டி, மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்.

பின் டிரம்மில் பெரிய கோளாறு இல்லை. டிரம்மின் உள்ளே உரசும் ஷூக்களின் தூசியைத் துடைத்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சீராக வைக்கும் அட்ஜஸ்டர் இறுகிப்போயிருந்ததைச் சரிசெய்தார்கள். பெடலின் முதல் அசைவில் இருந்த சிறு தொய்வு அதில் போனது. இங்கே ஓர் அறிவுரையும் கிடைத்தது. ஈரத்தில் பல நாட்கள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து நிறுத்துவது நல்லது.

கடைசியாக பிரேக் ஆயில். ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் தளர்த்தியபோது வந்தது கறுத்த டீத்தண்ணீர் போல இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலையிறக்கத்தில் தொடர்ந்து மிதித்துச் சூடேறும்போது உள்ளே ஆவிக்குமிழி உண்டானால், குமிழி அமுங்குமே தவிர அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் ஒன்றுமில்லாமல் கீழே போய்விடும். காலைநேரப் பிடிப்புக் குறைவுக்கு ஆயில் காரணமில்லை என்றாலும், அதே ஆயிலோடு இன்னொரு முறை கொடைக்கானலிலிருந்து இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். சீல் உடைக்காத டிவிஎஸ் கிர்லிங் புட்டியை என் கண்முன்னே திறந்து, நாலு சக்கரத்திலும் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து) முடித்தார்கள். 1911இல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குழுமம், 1962இல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் சரக்கு அது. நம் ஊருக்குப் பிரேக்கோடு உள்ள இந்த உறவு பலருக்கும் தெரிவதில்லை.

வேலை முடிந்ததும் பெரியவரே பக்கத்தில் உட்கார்ந்து, திருப்பரங்குன்றம் சாலையில் பசுமலை வரை ஓட்டச் சொன்னார். புதுப் பேட் டிஸ்க்கோடு பதிவதற்காக, முழுதாக நிறுத்தாமல் நடுத்தர வேகத்திலிருந்து விட்டுவிட்டு மிதிக்க வைத்தார். ஸ்டியரிங் இழுப்பு அடியோடு நின்றது. அதன் பிறகு இரவெல்லாம் மழையில் நின்ற காலைகளிலும் முதல் மிதிப்பில் சிறு கரகரப்பு, இரண்டாவதில் முழுப் பிடிப்பு என்று பிரேக் சரியாக இருக்கிறது. பேட், உறை, ஆயில், கூலி எல்லாம் சேர்ந்து 4,000 ரூபாய்க்குள் அடங்கியது. கழற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. சக்கர நட்டுகளை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பலத்திலேயே முறுக்குகிறார்கள். இவ்வளவு கவனமான பட்டறையில் இது எனக்கு உறுத்தலாகவே இருந்தது, நேரில் சொல்லியும் வந்தேன். பில் துண்டுச்சீட்டில்தான், ஆயிலின் வகையையும் மாற்றிய தேதியையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். உட்கார இடமில்லை, மழை நாளில் கொட்டகைக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிவது போன்ற மின்னணுக் கோளாறுகளை அவர்கள் பார்ப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம் அதிகம். காலையில் கடை திறக்கும்போதே, இரவு முழுக்க நின்ற வண்டியைச் சூடேறாத நிலையில் கொண்டுபோனால், குறையை அவர்களும் நேரில் பார்க்க முடியும். வண்டியும் பெரும்பாலும் அன்று மாலைக்குள் கைக்கு வந்துவிடும்.