வீட்டிலேயே மாட்டிய வீல் ஸ்பீட் சென்சார்: வேலை செய்கிறது, ஆனால் கேபிள்…

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சக்கரம் சுழலும் வேகத்தை ஏபிஎஸ்ஸுக்கு (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) சொல்லும் இந்தச் சென்சார் நன்றாக வேலை செய்கிறது, அதன் கேபிளில் கோத்திருக்கும், கேபிளைக் காரின் பிடிப்பில் மாட்டும் ரப்பர் புஷ்தான் சொதப்பல். ஆன்லைனில் வாங்கிய வெளி மார்க்கெட் சரக்கு, ஷோரூமில் சொன்ன விலையில் பாதிகூட இல்லை.

என் காரில் சிக்னலுக்காக மெதுவாக நிறுத்தும்போதுகூட பிரேக் பெடல் கடகடவென்று காலை உதைத்தது, அப்புறம் ஏபிஎஸ் விளக்கு நிரந்தரமாகவே எரிய ஆரம்பித்தது. காரில் செருகிக் கோளாறு எண்ணை (கோட்) படிக்கும் ஓபிடி ஸ்கேனர்களில் மலிவானவை பல எஞ்சின் கோட் மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது, அதனால் நண்பரிடம் நல்ல ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். வந்த கோட் சி0035, அதாவது இடது முன் சக்கரம். கோட் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள், ஓட்டும்போதே ஸ்கேனர் காட்டும் லைவ் டேட்டாவையும் பாருங்கள்: மற்ற மூன்று சக்கரமும் 20 கிமீ வேகம் காட்டும்போது இது மட்டும் பூஜ்யத்தில் நின்றது.

விற்றவர் 'ஓம்ஸ் செக் செய்தது' (மின்தடையை அளந்து பார்த்தது) என்று பெருமையாகப் போட்டிருந்தார், சிரிப்புதான் வந்தது. பழைய காயில் வகை என்றால் சரி, பெரும்பாலும் 1000 ஓம்ஸுக்கு மேலே கீழே ஏதாவது காட்டும். இப்போதைய கார்களில் பெரும்பாலும் வருவது மின்சாரம் கொடுத்தால்தான் உயிர் பெறும் ஹால் வகை, அதில் ஓம்ஸ் பார்த்து ஒன்றும் தெரியாது.

கழற்றுவதில் போல்ட் ஒரு பிரச்சினையே இல்லை, 10 நம்பர் ஸ்பேனருக்கு உடனே வந்துவிட்டது. (ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள், பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள்.) சென்சார்தான் துருப்பிடித்து ஓட்டைக்குள் இறுகிப்போய் அசையவே இல்லை, டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டு, இடுக்கியால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெதுவாகத் திருகித் திருகித்தான் வெளியே எடுத்தேன். சுத்தியலால் தட்டினால் தலை மட்டும் உடைந்து கையோடு வரும், மிச்சத்தை டிரில் போட்டு எடுக்கப் போய் பேரிங்கில் இருக்கும், சென்சார் படிக்கும் காந்த வளையத்தில் கீறல் விழுந்தால் பேரிங்கையே மாற்ற வேண்டியதுதான். சென்சார் உட்காரும் இடத்தைச் சுற்றி இருந்த துருவை உப்புத்தாளால் சுத்தமாகத் தேய்த்தேன், அந்தத் துரு சென்சாரைத் தூக்கிவிட்டால் வளையத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கூடி சிக்னல் திரும்பவும் தகராறு செய்யும்.

இனி புதுசின் லட்சணம். முனை கச்சிதம், ஓ-ரிங் நல்ல ரப்பர், கனெக்டர் 'டிக்' என்று பூட்டிக்கொண்டது. ஆனால் கேபிளில் ரப்பர் புஷ் இரண்டு விரல்கடை தள்ளி இருக்கிறது. ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, முழுசாக ஒடித்தால் கேபிள் வீணைக் கம்பி மாதிரி விறைக்கிறது. அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் கம்பி சீக்கிரமே அறுந்துவிடும். சோப்புத் தண்ணீர் தடவி புஷ்ஷைப் பழைய கேபிளின் அளவுக்கு நகர்த்திய பிறகு இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தேன், இப்போது தாராளமாக இருக்கிறது.

ஸ்கேனரில் கோட் எண்ணை அழித்துவிட்டு தெருமுனை வரை ஓட்டியதும் விளக்கு அணைந்தது, மழையில் நனைந்தும் இதுவரை திரும்ப எரியவில்லை. 5க்கு மூன்றரை கொடுப்பேன். பாக்கெட்டில் இடமா வலமா என்று எங்கும் போடவில்லை, அதனால் பழைய சென்சாரில் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்தே ஆர்டர் போடுங்கள்.