பனிமலை டிரெக்கிங் பேக்கேஜ்: கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்து ஆட்கள் கவனிக்கவும்

டிசம்பர் நெருங்கினால் நம் எல்லைப்பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு போஸ்டர் சுற்றும். உத்தராகண்ட் இமயமலையில் உள்ள கேதார்காந்தா சிகரத்தில் ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் மாட்டும் அகலமான சட்டம்) நடை, பனியில் டென்ட், சாமான் எல்லாம் எங்கள் பொறுப்பு என்று. அலுவலகம் கோயம்புத்தூர், ஆள் பிடிப்பது பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில். அந்த டிராவல்ஸிடம் பணம் கட்டிய குழு நாங்கள். ஏற்றம் தொடங்கும் ஊரான சாங்க்ரியில் மூட்டையைப் பிரித்தபோது இருந்தவை இவை.

ஸ்லீப்பிங் பேக் எல்லாம் மூணாறை அடுத்த சூரியநெல்லிப் பக்கத்து டென்ட் கேம்ப்பில் ஓடித் தேய்ந்தவை. கேம்ப் பெயரைக்கூட உறையிலிருந்து அழிக்கவில்லை. மூணாறு உறைபனி விடியற்காலையில் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போய்விடும். கேதார்காந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். ஜனவரி இரவில் மேல்முகாமில் மைனஸ் 10 சாதாரணம். போஸ்டரில் போட்டிருந்த மைனஸ் 10, லேபிளில் 'எக்ஸ்ட்ரீம்' என்ற இடத்தில் இருந்த எண். அது தூங்குவதற்கான எண் அல்ல, உயிர் தப்புவதற்கானது. பார்க்க வேண்டியது 'கம்ஃபர்ட்' எண், அதாவது எந்தக் குளிர் வரை நிம்மதியாகத் தூங்கலாம் என்பது. இவற்றில் அது பிளஸ் 5. பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பஞ்சு கட்டிகட்டியாக ஒதுங்கி, நடுவில் வெறும் துணி தெரிந்தால் லேபிள் எண்ணுக்கும் மதிப்பில்லை.

கீழே விரிக்கக் கொடுத்தது ஒரு யோகா மேட். உடம்பின் கனத்தில் பையின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும், அங்கே குளிரைத் தடுப்பது பாய் மட்டும்தான். பாய் குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண் ஆர்-வேல்யூ, பனிக்கு அது 5 அளவில் வேண்டும். இரண்டு பாயை அடுக்கினால் இரண்டின் எண்ணும் கூடும். அதனால் ஒன்றோடு விடாதீர்கள்.

ஸ்னோஷூவுக்குத் தனியாகக் கட்டணம் வாங்கிவிட்டுக் கம்பூட் நீட்டினார்கள். உண்மையில் அந்தப் பாதை பல பேர் மிதித்து இறுகியது. பெரும்பாலான நாளில் மைக்ரோஸ்பைக்கும் (ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்சங்கிலி) கெய்ட்டரும் (ஷூவுக்குள் பனி புகாமல் கணுக்காலுக்கு மேல் கட்டும் உறை) போதும். புதுப்பனி முழங்கால் ஆழம் விழுந்தால்தான் ஸ்னோஷூ. அப்போதும் உடல் எடையோடு பை எடையையும் கூட்டித்தான் அளவு எடுக்க வேண்டும்: 70 கிலோ ஆள், 12 கிலோ பை என்றால் 82 கிலோவுக்கான அளவு. வார்ப்பட்டையை மடக்கிப் பாருங்கள், கீறல் இருந்தால் குளிரில் அறுந்துவிடும்.

ஆபத்தில் முதலிடம் அடுப்புக்கு. நம்மூர் கேம்ப்புகளில் பயன்படும் வெறும் பியூட்டேன் கேன் அது. பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் கலந்த கேனோ மண்ணெண்ணெய் அடுப்போ வேண்டும். அடுப்பு எரியாவிட்டால் பனியை உருக்க முடியாது, குடிக்கத் தண்ணீர் இல்லை. சமையல்காரர் அடுப்பை டென்ட்டுக்குள் கொண்டுபோனார். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிருக்குச் சாத்திய டென்ட்டுக்குள் ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். உடனே வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

டென்ட் ஆணியும் சாதா ஆணி, பனியில் பிடிக்காது. சாக்கில் பனியை நிரப்பிக் கயிறு கட்டிப் புதைத்து, மேலே மிதித்து அரை மணி நேரம் விட்டால் இறுகிவிடும்.

இன்னொரு வேலை: நடுமுகாமை வெட்டிவிட்டு, 1,950 மீட்டரில் உள்ள சாங்க்ரியிலிருந்து ஒரே நாளில் 3,400 மீட்டர் ஏற்றினார்கள். ஒரு ராத்திரிச் செலவு அவர்களுக்கு மிச்சம், தலைவலியும் வாந்தியும் நமக்கு. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. அறிகுறி முற்றினால் மருந்து தேடாமல் இறங்க வேண்டும்.

பணம் கட்டுமுன் பையின் கம்ஃபர்ட் எண், பாயின் எண்ணிக்கை, கேஸ் வகை, ஒவ்வொரு இரவும் எந்த முகாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தனிநபர் யுபிஐக்கு அனுப்பாதீர்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம். அலுவலகம் கோயம்புத்தூர் என்பதற்காக அங்கே அலைய வேண்டாம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே, வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போஸ்டரையும் லேபிள் போட்டோவையும் சேர்த்து வையுங்கள்.