செங்கோட்டை – கொல்லம் ரயிலில் டிவிடிப் படங்கள்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

செங்கோட்டையில் குடியிருந்து கொல்லத்தில் வேலை பார்ப்பதால் மலைப்பாதை ரயில் எனக்கு வாராந்தரப் பழக்கம். மீட்டர் கேஜ் பாதை 2010 இல் மூடப்பட்டு, 2018 இல் அகலப்பாதையாக முழுவதும் திறக்கப்பட்ட பிறகும், பகவதிபுரத்திலிருந்து புனலூர் வரை வண்டி நிதானமாகத்தான் ஏறி இறங்குகிறது. ஆரியங்காவுக் குகைக்குள் நுழைந்ததும் கைப்பேசியில் சிக்னல் அற்றுப்போகிறது. இணையத்தை நம்பாமல், நான் விலை கொடுத்து வாங்கிச் சேர்த்த டிவிடிகளையே மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு பார்த்துவருகிறேன்.

வட்டையே வண்டியில் போட்டுப் பார்ப்பது வீண் வேலை. வளைவுகளில் பெட்டி ஆடும்போது படம் திக்குகிறது, டிரைவ் சுழல்வதால் பேட்டரியும் விரைவில் தீர்கிறது. அதோடு இப்போதைய மடிக்கணினிகளில் டிரைவே வருவதில்லை. யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, படத்தை ஒரு முறை கோப்பாக மாற்றிவிட்டால் போதும்.

ஓரடுக்கு வட்டு 4.7 ஜிபி, ஈரடுக்கு வட்டு 8.5 ஜிபி கொள்ளும். உள்ளே இருப்பது எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறையில் பதிந்த படம். நம் நாட்டு வட்டுகளில் 720க்கு 576 அல்லது 720க்கு 480 புள்ளிகள்தான். படத்தைக் கோப்பாக மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில், எச்.264 என்ற புதிய சுருக்க முறையில், தர அளவை 20 என்று வைத்து மாற்றினால், இரண்டரை மணி நேரப் படம் ஏறக்குறைய ஒன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. அந்த எண்ணைக் குறைத்து அதற்கு மேல் தரத்தைக் கூட்டினால் கோப்புதான் பெருக்குமே தவிர, வட்டில் இல்லாத தெளிவு வந்துவிடாது. மூன்று படங்களை ஒரே வட்டில் திணித்து விற்றவற்றுக்கு எந்த அமைப்பும் உதவாது. அவற்றை நான் தொடுவதே இல்லை.

படத்தைவிட ஒலியில்தான் கவனம் வேண்டும் என்பது என் அனுபவம். வட்டில் முதலில் நிற்கும் ஒலித்தடம் பல வேளைகளில், ஆறு ஒலிபெருக்கிகளுக்கான 5.1 ஒலியாக இருக்கிறது. அதை இடம், வலம் என இரண்டாகக் குறைத்து மடிக்கணினியில் கேட்டால், வசனம் முணுமுணுப்பாகவும் பாட்டு காதைப் பிளப்பதாகவும் வருகிறது. தண்டவாள இரைச்சலில் இது இன்னும் மோசம். ஹேண்ட்பிரேக்கின் ஒலிப் பகுதியில் டிஆர்சி என்றிருக்கும், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் அமைப்பை 2 என்று வைத்தால், தாழ்ந்த பேச்சு உயர்ந்து, உரத்த ஓசை அடங்கி, குகைக்குள் வண்டி ஓடும்போதுகூட வசனம் பிடிபடுகிறது. வீட்டில் நல்ல ஒலிபெருக்கியில் கேட்க இது ஏற்றதன்று. பயணத்துக்கென்று எடுக்கும் பிரதிக்கு மட்டும் போதும்.

சில வட்டுகளில் ஆள் கை வீசினால் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு சட்டத்தையும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாகப் பிரித்துப் பதியும் இடைவரி முறையின் விளைவு அது. ஹேண்ட்பிரேக்கில் உள்ள டீகோம்ப் வடிகட்டியை இயக்கினால், கோடு விழுந்த சட்டங்களை மட்டும் சரிசெய்து மற்றவற்றை அப்படியே விட்டுவிடும்.

புனலூர்க் கடைகளில் வாங்கிய மலையாள வட்டுகளுக்கு எனக்குத் துணைவரிகள் தேவையில்லை. எல்லை ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த மொழி காதோடு வந்தது. பிள்ளைகளுக்கு ஆங்கில வரிகள் வேண்டியிருக்கிறது. டிவிடியின் துணைவரிகள் எழுத்தாக அல்லாமல் படமாகப் பதியப்பட்டிருப்பதால், எம்கேவி கோப்பாகச் சேமித்து, வரிகளைத் தனித் தடமாகவே விட்டுவிடுகிறேன். விஎல்சி என்ற படம் காட்டும் மென்பொருளில் வேண்டும்போது காட்டலாம், வேண்டாதபோது மறைக்கலாம்.

தென்மேற்குப் பருவச் சாரலில் வட்டுகளின் மேல் பூஞ்சை படிகிறது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து, வட்டைப் படிக்க முடியாமல் போகலாம்.

நகலெடுப்பதைத் தடுக்கப் பூட்டுப் போட்ட வட்டுகளை ஹேண்ட்பிரேக் தானாகத் திறக்காது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு அத்தகைய பூட்டை உடைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. ஆகவே பூட்டில்லாத வட்டுகளோடு நிறுத்திக்கொள்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் பென் டிரைவை நீட்டினாலும், சேர்ந்து பார்க்க அழைப்பதோடு சரி, கோப்பைக் கொடுப்பதில்லை.