சூடானா ஆஃப், ஆறினா ஸ்டார்ட்: கிராங்க் சென்சாரோட ரெண்டு வருசம்

என்னுது 2013 மாடல் பெட்ரோல் வண்டி. ரெண்டு வருசம் முன்னாடி சித்திரை மாசம் ஆம்பூர்ல இருந்து வேலூர் வந்துக்கினு இருந்தேன், பள்ளிகொண்டா டோல் வரிசைல நிக்கும்போது பொசுக்குனு ஆஃப். செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பத்திக்கல. பின்னாடி லாரிக்காரர் ஹாரனை விடவே இல்ல. தள்ளி ஓரங்கட்டிட்டு கரும்பு ஜூஸ் குடிச்சு அரை மணி நேரம் கழிச்சு சாவி போட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது!

மொத ஒர்க்‌ஷாப்ல பெட்ரோல் பம்ப்பை மாத்தினாங்க, ஆறாயிரம் போச்சு. அவங்களையும் சொல்லி குத்தம் இல்ல, எஞ்சினோட கிராங்க் தண்டு சுத்துறதை கிராங்க் சென்சார்தான் பாத்து ஈசியூங்கிற வண்டி கம்ப்யூட்டருக்கு சொல்லுது, அந்த சிக்னல் வரலேன்னா எஞ்சின் சுத்துறதே ஈசியூவுக்கு தெரியாது, ஸ்பார்க்கும் குடுக்காது, சாவி போட்டதும் ரெண்டு செகண்ட் ஓடுற பம்ப்பையும் நிறுத்திடும், அப்போ பம்ப்பு போச்சுன்னுதான் தோணும்.

தோட்டப்பாளையத்துல ஒரு மெக்கானிக் பாய்தான் கேட்டாரு, "தம்பி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு ஆடுதா?" அட, அதை யார் பாத்தா. அடுத்த தடவை நின்னப்போ பாத்தேன், முள்ளு ஜீரோல படுத்துக்கினு கீது, அதாவது கிராங்க் சிக்னலே வரல. ஸ்கேனர்ல பி0335, கிராங்க் சென்சார் சர்க்யூட்ல கோளாறுன்னு சொல்ற கோடு.

என் வண்டில ரெண்டு ஒயர் சென்சார், உள்ள காயில் மட்டும்தான். ஆறின எஞ்சின்ல மீட்டர் வச்சா 880 ஓம், எல்லாரும் இதைப் பாத்துட்டு "சென்சார் ஓகே"னு விட்டுடுறாங்க. பாய் ஒரு மணி நேரம் ஓட்டிட்டு, நின்ன உடனே அந்த சூட்டோட மீட்டர் வச்சாரு. ஓப்பன், ரீடிங்கே இல்ல. சென்சார் மேல பச்சத்தண்ணி ஊத்தினாரு, ரெண்டு நிமிசத்துல மறுபடி 900 கிட்ட வந்து நின்னுச்சு. சூட்டுல ஓம் கொஞ்சம் ஏறுறது காப்பர் கம்பிக்கு சகஜம், மொத்தமா அறுந்த மாதிரி காட்டினாதான் காயில் உள்ள விட்டுப்போச்சுனு அர்த்தம். மூணு ஒயர் ஹால் சென்சார்னா (வெறும் காயில் இல்லாம உள்ள எலக்ட்ரானிக் சிப் இருக்கிற வகை) இந்த ஓம் டெஸ்ட் செல்லாது, வோல்ட் வருதா, எர்த் இருக்கா, சுத்தும்போது சிக்னல் மாறுதானு பாக்கணும்.

நான் பண்ண பைத்தியக்காரத்தனம், 450 ரூபாய்க்கு டூப்ளிகேட் வாங்கிப் போட்டது. அஞ்சே மாசம். அப்புறம் 1,700 குடுத்து ஒரிஜினல் போட்டதுல இருந்து வேலூர் வெயில்லயும் நிக்கல.

போன ஐப்பசி மழைல மட்டும் அதே கோடு திரும்ப வந்துச்சு. சென்சாரை தொடல. கனெக்டரை பிடிச்சு ஆட்டினா முள்ளு குதிக்குது, ஒயர் ஒரு பிராக்கெட்ல உரசி உரசி காப்பர் வெளிய தெரியுது. சாலிடர், ஸ்லீவ், 150 ரூபாய்.

டேஷ்போர்டுல இப்போ ஒரு ஸ்பேர் சென்சாரும் 10 நம்பர் ஸ்பேனரும் கெடக்கு. வீட்டுக்காரம்மா ஸ்பேனரை மாத்திரம் ரெண்டு தடவ வெளிய எடுத்து வச்சுட்டாங்க.