18,500 ரூபாய்க்கு ஒரு பச்சை லைற்: பவர் ஷட்டர் லொக் பொருத்தப் போறவை கவனம்

காசு போய் ஒரு கிழமை. இண்டைக்கு மூண்டாந்தரமும் அலைஞ்சு வெறுங்கையோட வந்த சூட்டில எழுதுறன். யாழ்ப்பாணத்தில வாகன எலக்ட்ரிக் சாமான் வித்து, பொருத்தியும் குடுக்கிற ஒரு கடை. பெயர் போடேல்லை.

கேட்டது சின்ன விஷயம். பின்சீற்றில இருக்கிற பிள்ளையள் ஷட்டர் (கரண்டில ஏறி இறங்கிற கதவுக் கண்ணாடி) சுவிச்சோட விளையாடுதுகள். அதை நிப்பாட்டத்தான் ட்ரைவர் கதவில, எல்லாக் கண்ணாடியையும் ஏத்தி இறக்கிற மாஸ்டர் சுவிச்சில லொக் பட்டன் இருக்கு. அது பழுது, அமத்தினாலும் பின் கண்ணாடி ஏறி இறங்குது. இதைச் சரியாக்கச் சொல்லித்தான் கேட்டது.

கடைக்காரர் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒண்டை மேசையில வைச்சார். “அண்ணை, சின்னாக்கள் ஏறுற காரெண்டால் இது இல்லாமல் ஓடவே கூடாது.” வயரைப் பற்றரியில தொட்டார். உள்ளுக்கு ‘டக்’ எண்டு கேட்டது, பச்சை லைற் எரிஞ்சது. நம்பினது அந்த இடத்திலதான். ஜப்பான் சாமானாம், பொருத்துக்கூலியோட 18,500. பில் கேட்க, “எங்கட கடைதானே, பிறகு தாறன்.”

பொருத்தினாப் பிறகு பின் சுவிச் ரெண்டும் வேலை செய்யேல்லை. நல்லது எண்டு பார்த்தால், ட்ரைவர் பக்கத்தாலயும் பின் கண்ணாடி அசையேல்லை. கதவு அட்டையைக் கழட்டினால், பின் சுவிச்சின்ர பிளக்கை இழுத்து இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டிருக்கு! பெட்டிக்குள்ள 40 அம்பியர் ரிலே (கரண்டால இயங்கிற சுவிச்) ஒண்டு, ஒரு எல்ஈடி, ஒரு ரெசிஸ்ரர். அதில இருந்து ஒரு வயர்கூடப் பின்கதவுக்குப் போகேல்லை. 18,500 ரூபாய்க்குப் பச்சை லைற் மட்டும் வடிவா எரியுது.

ஏன் ட்ரைவராலயும் இறக்க ஏலாமல் போச்சு? பழைய ஜப்பான் கார்கள் கனக்கில பின் சுவிச்சுக்கு ஐஞ்சு வயர். ரெண்டு மோட்டருக்கு, ரெண்டு மாஸ்டர் சுவிச்சில இருந்து வாறது, ஒண்டு 12 வோல்ட் சப்ளை. ட்ரைவர் அமத்தேக்க கரண்ட் பின் சுவிச்சுக்குள்ளால தான் மோட்டருக்குப் போகும். பிளக்கைக் கழட்டினால் அந்தப் பாதையே இல்லை. இதோட கதவு விளிம்பில இருக்கிற சைல்ட் லொக்கையும் போட்டால் பின்னுக்கு இருக்கிற பிள்ளைக்குக் கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை. (சைல்ட் லொக் உள் கைபிடியை மட்டுந்தான் நிப்பாட்டும், ஷட்டரை இல்லை. கனபேர் இதைக் குழப்பினம்.)

செய்திருக்க வேண்டிய வேலை: மாஸ்டர் சுவிச்சைக் கழட்டி, லொக் பட்டன்ர தொடுமுனையைக் கொன்ராக்ட் கிளீனர் அடிச்சுத் துடைக்கிறது. சிலவேளை அதிலயே சரிவரும். வராட்டில் சாவியை ஒன் பண்ணி, ஒரு சுவிச்சையும் அமத்தாமல், பின் சுவிச்சின்ர ஐஞ்சு வயரையும் ரெஸ்ற் லாம்பால (கரண்ட் இருந்தால் எரியிற சின்ன லைற்) தொட்டுப் பாக்கோணும். 12 வோல்ட் இருக்கிறது ஒண்டுதான், அதுதான் சப்ளை. அதை மட்டும் வெட்டி, 20 அம்பியர் தாங்கிற சுவிச் ஒண்டைக் கொழுவி டாஷுக்குக் கீழ வைச்சால் பின் சுவிச் செத்துப்போகும், ட்ரைவர் பக்கம் வேலை செய்யும். சின்ன சுவிச் போட்டால் சூடேறி உருகும். புதுக் கார்களில கட்டளை கொம்பியூட்டரால போகும், அங்க வயர் வெட்டவே கூடாது.

முதல் நாள் போக, “பாஸ் கொழும்புக்குப் போட்டார், நாளைக்கு வாங்கோ.” அடுத்த நாள் பாஸ் அங்கதான் நிண்டார். “பிள்ளையள் அமத்தினால் வேலை செய்யுதோ? இல்லைத்தானே? அப்ப என்ன பிரச்சினை?” இண்டைக்கு, “எலக்ட்ரிக் சாமானுக்கு வாரண்டி இல்லை அண்ணை.” 18,500 பற்றி வாயே திறக்கேல்லை.

இது விளையாட்டுச் சாமான் இல்லை. மேல கீழ சாயிற பழைய மாதிரிச் சுவிச்சில, தலையை வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிற பிள்ளையின்ர முழங்கால் பட்டாலே கண்ணாடி ஏறும். அமெரிக்காவில 2005 சட்டத்துக்குப் பிறகுதான் இழுத்தால் மட்டும் ஏறுற சுவிச் கட்டாயமாச்சு. எங்கட ரோட்டில பழசு இன்னும் தாராளமா ஓடுது.

கெதியாச் சில விஷயம். காசு குடுக்க முதல் பின் சுவிச் ஒவ்வொண்டையும் அமத்துங்கோ, பிறகு ட்ரைவர் பக்கத்தால அதே கண்ணாடிகளை இறக்கி ஏத்துங்கோ. ரெண்டும் பாருங்கோ, ஒண்டு காணாது. கழட்டின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கோ. பில் இல்லாமல் ஒரு சதமும் குடுக்காதேங்கோ. கேட்டால் குடுக்கத்தான் வேணும், அது சட்டம். பில் தராட்டில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, 1977 எண்ட நம்பருக்கு, கோல் எடுங்கோ. முறைப்பாடு எழுத்தில, மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கோணும். பெட்டியை எறிஞ்சு போடாதேங்கோ, அதுதான் சாட்சி.

பிளக்கைத் திருப்பிக் கொழுவியாச்சு. பட்டன் இன்னும் பழுதுதான். பெட்டியையும் முறைப்பாட்டுக் கடிதத்தையும் நாளைக்கு அதிகாரசபைக்குக் கொண்டு போறன்.